மெம்பர் இல்லாமல் கழிந்த ஐந்து ஆண்டுகள்

குமரி மாவட்டக் கோதையாற்றில் வெள்ளம் வந்தால் திற்பரப்பு அருவியில் குளிக்கத் தடை விழும். மேலே பேச்சிப்பாறை அணையைத் திறப்பது மாநில அரசின் நீர்வளத் துறை. சிவாலய ஓட்டத்தின்போது பக்தர்கள் ஓடிவரும் மகாதேவர் கோயில் அறநிலையத் துறையின் பொறுப்பு. சுற்றுலாக் கூட்டம் விட்டுப்போகும் குப்பையும் தெருவிளக்கும் குடிநீர்க் குழாயும் பேரூராட்சியின் தலையில். மாநில உரிமை பற்றிச் சூடாக விவாதிக்கும் ஊர்களில்கூட, மத்திய, மாநில அரசுகளுக்கு அடுத்து, வாசலுக்கு மிக அருகே இருக்கும் இந்த மூன்றாவது அரசின் உரிமை பற்றிப் பேச்சு குறைவு.

1993 ஜூன் 1-ல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் அந்த உரிமை பற்றித் தெளிவாக இருக்கிறது: நகர்ப்புற உள்ளாட்சி மன்றத்தின் ஆயுள் ஐந்து ஆண்டு, அது முடிவதற்குள் அடுத்த தேர்தல் நடந்து முடிந்திருக்க வேண்டும். 2006-ல் கிஷன்சிங் தோமர் வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதையே அழுத்திச் சொன்னது.

தமிழ்நாட்டில் நடந்தது வேறு. 2016 அக்டோபரில் நடக்கவேண்டிய உள்ளாட்சித் தேர்தலின் அறிவிப்பைப் பழங்குடியினர் இட ஒதுக்கீடு தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அந்த ஆண்டு இறுதிக்குள் நடத்தவும் உத்தரவிட்டது. வார்டு மறுவரையறை, மேல்முறையீடு, அவகாசம் என்று இழுத்து, பேரூராட்சிகளுக்கு வாக்குப்பதிவு நடந்தது 2022 பிப்ரவரி 19-ல்தான். இடைப்பட்ட காலம் முழுக்கத் தனி அலுவலர் ஆட்சி. தீர்மானம் போடுவதும் அதிகாரி, நிறைவேற்றுவதும் அதிகாரி. குழாய் உடைந்தால் காலையில் வழிமறித்துக் கேட்க ஒரு மெம்பர் கிடையாது. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை என்பதைக் காட்டி நிதிக்குழு மானியத்தை மத்திய அரசு நிறுத்திவைத்தது. தேர்தலை நடத்தாதது மாநிலம், பணத்தை நிறுத்தியது மத்திய அரசு, அடி விழுந்தது ஊருக்கு. இது பெரிய அநியாயம்.

குமரி மாவட்டத்துக்கு இதில் கூடுதல் கவலை உண்டு. ரப்பரும் தென்னையும் சூழ்ந்த ஊர்கள் பலவும் இங்கே பேரூராட்சிகள். கிராம சபை அவற்றுக்குக் கிடையாது. ஊரக வேலை உறுதித் திட்டமும் பேரூராட்சி எல்லைக்குள் வராது. கிராம சபைக்கு ஈடாக 2022-ல் விதி வகுத்துக் கொண்டுவரப்பட்டதுதான் பகுதி சபை. தங்கள் வார்டில் அது எப்போது கூடியது என்று கவுன்சிலரிடம் கேட்பது வாக்காளரின் உரிமை.

வாய்ச்சொல்லில் பதில் வந்தால் எழுத்தில் கேட்கலாம். தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய்க் கட்டணத்தில் பேரூராட்சிப் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு போட்டு, மன்றத் தீர்மான நகலையும் செலவுக் கணக்கையும் கேட்கலாம். முப்பது நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு, அதன்பின் மாநிலத் தகவல் ஆணையம். முறைகேடு என்றால் உள்ளாட்சி முறைமன்ற நடுவத்தில் புகார் செய்யலாம்.

2022 மார்ச்சில் பொறுப்பேற்ற மன்றங்களின் காலம் 2027 மார்ச்சில் முடிகிறது. அதற்குள் தேர்தல் நடக்கும் அறிகுறி இல்லையென்றால் மாநிலத் தேர்தல் ஆணையத்துக்குப் பதிவுத் தபாலில் மனு அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு போட நேர்ந்தால் வழக்கறிஞர் முதலில் கேட்பது அந்த ரசீதைத்தான்.