குலுங்கிய படமும் கோட்டுச் சித்திரமும்

தெருவில் எடுத்துப் பழுதாகிப்போன புகைப்படத்தைப் பென்சில் சித்திரம்போல மாற்றுவது இன்று சில நிமிட வேலை. ஃபோட்டோஷாப்பில் செய்யலாம், இலவசமாகக் கிடைக்கும் கிம்ப், கிரிட்டா மென்பொருள்களிலும் செய்யலாம். ஆனால் எல்லாப் பழுதும் இதில் மறைவதில்லை. சில பழுதுகள் முன்பைவிடப் பெரிதாகத் தெரியும்.

உதாரணத்துக்கு, மலைக்கோயில் ஊரான திருத்தணியை எடுத்துக்கொள்வோம். அங்கே எல்லா வகைப் பழுதுக்கும் இடமுண்டு. ஆடிக் கிருத்திகையன்று புஷ்பக் காவடிகள் நெரிசலோடு நகரும். நின்று குறிபார்க்க முடியாது. டிசம்பர் 31 இரவு படித் திருவிழாவில் 365 படிகளிலும் கூட்டம் இருக்கும், வெளிச்சம் போதாது. பகலிலோ உச்சி வெயிலில் மலைக்கு மேல் வானம் வெளுத்துப்போகும். தமிழும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும் கடைத்தெருவில் மின்கம்பிகள் குறுக்கே ஓடும்.

பரவலாகக் கையாளப்படும் முறை எளியது. படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, அதன் பிரதி ஒன்றை மேலடுக்காக வைக்க வேண்டும். பிரதியை நெகட்டிவ் ஆக்கி, காஸியன் பிளர் கொடுத்து மங்கலாக்கி, 'கலர் டாட்ஜ்' என்ற கலப்பு முறையைத் தேர்ந்தெடுத்தால் கோடுகள் எழும். உள்ளே நடப்பது ஒரு வகுத்தல் கணக்கு. ஒவ்வொரு புள்ளியின் ஒளி அளவும் அதன் சுற்றுப்புறச் சராசரியால் வகுக்கப்படுகிறது. சமமான பரப்பில் விடை 1. அது வெள்ளைத் தாளாகிவிடும். புள்ளி 60, சுற்றுப்புறம் 120 என்றால் விடை பாதி. அங்கே சாம்பல் கோடு விழும். மங்கலின் அளவைக் கூட்டினால் கோடு தடிக்கும், குறைத்தால் மெலியும்.

வெளிச்சம் போதாத படம் இதனால்தான் பிழைக்கிறது. 20-ஐ 40-ஆல் வகுத்தாலும் 100-ஐ 200-ஆல் வகுத்தாலும் விடை ஒன்றே. படித் திருவிழாவின் இருண்ட படத்திலிருந்தும் படிகளின் விளிம்பு வந்துவிடும். வெளுத்த வானமும் பிரச்சினையில்லை, தாளின் வெற்றிடமாக நிற்கும். நியான் விளக்கின் அசட்டு நிறமும் போய்விடும். இரைச்சல் புள்ளிகள்தான் வில்லன். இருட்டில் எடுத்த படத்தில் மணல்போலப் பரவும் அவற்றிலும் பல அக்கம்பக்கத்தைவிடக் கறுத்தவை. கணக்கு அவற்றையும் கோடென்றே எடுத்துக்கொள்ளும். அதனால் மீடியன் ஃபில்டர் போட்டு முதலில் அவற்றைத் தணித்துவிட வேண்டும். மின்கம்பியோ, வெள்ளை வானத்தில் கறுப்பாக இருப்பதால், கோபுரத்தைவிட அழுத்தமாக வந்து நிற்கும். அதையும் முன்கூட்டியே அழிப்பது நல்லது. சாய்ந்த கோபுரம் சித்திரத்திலும் சாய்ந்தேதான் இருக்கும்.

கை குலுங்கி எடுத்த படம் கொஞ்சம் சிக்கல். விளிம்பு இழுபட்டிருப்பதால் கோடு வலுவிழக்கும், சில இடங்களில் இரட்டிக்கும். படத்தின் அளவைப் பாதியாக்கினால் நான்கு புள்ளி இழுபட்ட இடம் இரண்டாகச் சுருங்கும், ஓரளவு தேறும். அதற்கும் மசியாத படத்தை மங்கலாக்கி அடியில் வைத்து, மேலே புது அடுக்கில் ஸ்டைலஸால் கோட்டை வரைவதே சரி. உண்மையில் நல்ல சித்திரம் பிறப்பது இங்கேதான். எதை விடுவது என்று மென்பொருளுக்குத் தெரியாது. 1986-இல் ஜான் கேனி வகுத்த விளிம்பு கண்டறியும் முறை இன்றும் புகழ்பெற்றது. அதுகூட ஒளி சட்டென மாறும் இடத்தைத்தான் தேடும், காவடியையும் கம்பத்தையும் பிரித்தறியாது. ஆனந்த விகடனில் 'தென்னாட்டுச் செல்வங்கள்' தொடருக்காகக் கோயில் சிற்பங்களை வரைந்த சில்பியின் கோடுகளைப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். எங்கே நுணுக்கம் கூட்டுவது, எங்கே வெறுமையாக விடுவது என்பது ஓவியரின் தீர்ப்பு.

2015-இல் வந்த ஓர் ஆய்வுக்கட்டுரையைத் தொடர்ந்து, நரம்பியல் வலையமைப்பு ஒரு படத்தின் பாணியை இன்னொன்றுக்கு ஏற்றும் முறை பரவியது. அடுத்த ஆண்டே 'பிரிஸ்மா' செயலி அதைக் கைபேசிக்குக் கொண்டுவந்தது. பொத்தானை அழுத்தினால் போதும் என்பது அதன் வசதி. எல்லார் படமும் ஒரே சாயலில் இருப்பது அதன் குறை.

கோடாக மாற்றினாலும் முகத்தின் விளிம்புகள் அப்படியே இருக்கும், ஆள் யாரென்று தெரியும். காவடி தூக்கி வந்தவரின் படத்தை வெளியிடும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.