‘கரஸ்ல சைக்காலஜி’ இனி கிடையாது: வேலை பார்க்கும் திருப்பூர் இளைஞர்களுக்கு என்ன வழி?

பனியன் கம்பெனியில் ஹெச்.ஆர்., மெர்ச்சண்டைசிங் என்று வேலை பார்த்துக்கொண்டே, ‘கரஸ்ல ஒரு எம்.ஏ. சைக்காலஜி போட்டு வெச்சா கவுன்சலிங் பக்கம் போயிடலாம்’ என்று கணக்குப் போட்டவர்கள் உண்டு. காலை எட்டரைக்கு உள்ளே போனால் இரவு எட்டரைக்கு வெளியே வரும் ‘ஒன்றரை ஷிப்ட்’ ஊரில், வீட்டுக்கு வரும் புத்தகமும் ஞாயிற்றுக்கிழமை வகுப்பும்தான் பலருக்கும் சாத்தியமான முதுநிலைப் படிப்பு. சைக்காலஜியைப் பொறுத்தவரை அந்த வழி 2025-ல் அடைபட்டுவிட்டது.

என்ன நடந்தது?

உளவியல், நியூட்ரிஷன், மைக்ரோபயாலஜி போன்ற படிப்புகளை 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து தொலைதூர, ஆன்லைன் முறையில் நடத்தக் கூடாது என்று யுஜிசி உத்தரவிட்டது. துணை மருத்துவ, சுகாதாரத் தொழில்களை முறைப்படுத்த 2021-ல் வந்த சட்டம்தான் காரணம். அந்தப் பட்டியலில் உளவியலாளரும் இருக்கிறார்.

யுஜிசி பக்கம் நியாயம் இருக்கத்தான் செய்கிறது. எதிரே உட்கார்ந்து அழுபவரிடம் எப்போது பேசாமல் இருக்க வேண்டும் என்பதைத் தபாலில் வரும் புத்தகம் சொல்லித் தராது. ஆனால், மாதச் சம்பளத்தை விட முடியாதவர் வேறு எங்கே போவார்? அந்தக் கேள்வி அப்படியே நிற்கிறது. இப்போதும் ‘டிஸ்டன்ஸ்ல எம்.எஸ்சி. சைக்காலஜி, சீட் இருக்கு’ என்று யாராவது சொன்னால், பணம் கட்டும் முன் யுஜிசியின் தொலைதூரக் கல்விப் பிரிவு இணையதளத்தில் அந்தப் படிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

பக்கத்தில் என்ன இருக்கு?

கோவை பாரதியார் பல்கலைக்கழகத்திலேயே உளவியல் துறை இருக்கிறது. திருப்பூரிலிருந்து கோவைக்கு ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். அங்கிருந்து மருதமலை ரோடு வரை பஸ். தினமும் போய் வரலாம்தான், ஆனால் வேலையையும் சேர்த்துப் பார்க்க முடியாது. கவுன்சலிங் சைக்காலஜிதான் வேண்டும் என்பவர்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் இருக்கிறது.

திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், புதுச்சேரி பல்கலைக்கழகம் போன்றவற்றுக்கு க்யூட்-பிஜி நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். வழக்கமாக டிசம்பர், ஜனவரியிலேயே விண்ணப்பம் தொடங்கி, மார்ச்சில் தேர்வு வந்துவிடும். ‘டிகிரி ரிசல்ட் வரட்டும், பார்த்துக்கலாம்’ என்று இருந்தால் ஒரு வருஷம் போச்சு. பி.காம். படித்தவர் சேரலாமா என்பது இடத்துக்கு இடம் மாறும்: சில துறைகள் எந்தப் பட்டத்தையும் ஏற்கும், சில உளவியல் பட்டம்தான் கேட்கும்.

எந்தப் பட்டம், எந்த வேலை?

எம்.எஸ்சி. முடித்தால் ‘கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்’ என்று போர்டு மாட்ட முடியாது. அதற்கு இந்திய மறுவாழ்வு கவுன்சில், அதாவது ஆர்சிஐ, அங்கீகரித்த பயிற்சியும் அதன் பதிவும் தேவை. இதுவரை அதற்கான பிரதான வழி, பெங்களூரு நிம்ஹான்ஸ், முட்டுக்காட்டில் உள்ள நிப்மெட் போன்ற இடங்களில் இரண்டு ஆண்டு எம்.ஃபில். எம்.ஃபில். படிப்பையே யுஜிசி 2022-ல் நிறுத்தியது. கிளினிக்கல் சைக்காலஜிக்கு 2025-26 கல்வியாண்டு வரை நீட்டிப்புக் கொடுத்தது. முதுநிலையிலேயே கிளினிக்கல் சைக்காலஜியைக் கற்பிக்கும் பாடத்திட்டத்தையும் ஆர்சிஐ கொண்டுவந்திருக்கிறது. விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால், சீனியர் சொன்ன வழி இன்றைக்குச் செல்லுமா என்பதை ஆர்சிஐ இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும். பள்ளி, கல்லூரி, தொண்டு நிறுவனங்களில் கவுன்சலர் ஆவதுதான் இலக்கு என்றால், இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

விண்ணப்பத்தில் என்ன எழுதுவது?

நோக்கக் குறிப்பு கேட்கும் இடங்களில் ‘மற்றவர்களுக்கு உதவ எனக்குப் பிடிக்கும்’ என்று எல்லோரும் எழுதுவார்கள். திருப்பூரில் வேலை பார்த்தவரிடம் அதைவிடக் கனமான சரக்கு இருக்கிறது. ஒடிசாவிலிருந்து வந்த பையன் ஹாஸ்டலில் பேச ஆளில்லாமல் மூன்றாவது மாதம் ஊருக்கே திரும்பிவிடுகிறான். லைன் சூப்பர்வைசர் கத்துகிறார் என்பதற்காகவே செக்கிங் பெண் வேலையை விடுகிறார். இப்படி நேரில் பார்த்த ஒன்றையும், அப்போது தனக்குத் தெரியாமல் போனது என்ன என்பதையும் நாலு வரியில் எழுதினால் படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார். ஆள் பெயரும் கம்பெனி பெயரும் மட்டும் வேண்டாம். ரகசியம் காப்பது இந்தத் தொழிலின் பாலபாடம். அதை விண்ணப்பத்திலேயே மீறினால் எப்படி?

இன்னொன்று. பெரிய தொழிற்சாலைகளில் நல அலுவலர் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஆனால், அந்தப் பதவிக்குப் பொதுவாகக் கேட்பது சமூகப்பணி, தொழிலாளர் மேலாண்மைப் படிப்புகளைத்தான், சைக்காலஜியை அல்ல. ஃபேக்டரிக்குள்ளேயே இருந்து தொழிலாளர்களுக்காக வேலை செய்ய நினைப்பவர்கள், எம்.எஸ்சி.க்கு விண்ணப்பிக்கும்போதே எம்.எஸ்.டபிள்யூ.வுக்கும் ஒன்று போட்டு வைக்கலாம்.