நெஞ்சுக்குழி எங்கே இருக்கிறது?

ஈ.சி.ஜி. எடுக்கும்போது மார்பில் ஆறு இடங்களில் ஒட்டுவார்களே, அந்த ஆறுக்கும் ப்ரீகார்டியல் லீட் என்று பெயர். இதயத்துக்கு நேர் முன்னால் உள்ள மார்புப் பகுதிதான் ப்ரீகார்டியம். அது முழுக்க இடது பக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். முதல் லீட்டை மார்பெலும்புக்கு வலது பக்கம், நான்காவது விலா இடைவெளியில்தான் வைப்பார்கள். இதயத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வலப்பக்கம் இருக்கிறது.

இந்தச் சொல்லின் பழைய கதைதான் எனக்குச் சுவாரசியமாக இருந்தது. லத்தீனில் 'ப்ரே' என்றால் முன்னால், 'கோர்' என்றால் இதயம். ஆனால் அன்றைய 'ப்ரேகோர்டியா' மார்பே இல்லை! முதலாம் நூற்றாண்டு ரோமானியரான ப்ளினி, உதரவிதானத்தை அப்படி அழைக்கிறார். அதே நூற்றாண்டின் செல்சஸ் தன் மருத்துவ நூலில் விலாவுக்குக் கீழே, மேல்வயிற்றைச் சொல்கிறார். கவிஞர்களுக்கோ அது மனசு. கிரேக்கத்திலும் இதே குழப்பம்தான். கார்டியா என்றால் இதயம். உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்துக்கும் இன்றுவரை அதே பெயர்.

நம்ம தமிழ் மட்டும் என்ன? நெஞ்சு என்றால் மார்பு, மனசு இரண்டும். நெஞ்செரிச்சல் இரைப்பை அமிலத்தால் வருவது. நெஞ்சுக்குழி என்று நாம் கை வைத்துக் காட்டும் இடம், விலாக்கள் சேருமிடத்துக்குக் கீழே, மேல்வயிற்றில்!

மூன்று மொழிக்காரர்களும் இப்படிச் சொன்னதற்கு உடம்பிலேயே காரணம் உண்டு என்று நினைக்கிறேன். இதயத்தின் அடிப்பரப்பு உதரவிதானத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதற்குக் கீழேயே இரைப்பை. இரண்டின் வலி நரம்புகளும் தண்டுவடத்தில் பக்கத்துப் பக்கத்தில் போய்ச் சேர்கின்றன. எங்கிருந்து வலிக்கிறது என்று மூளையால் சரியாகப் பிரித்துச் சொல்ல முடிவதில்லை.

இது வெறும் சொல்லாராய்ச்சி இல்லை. இதயத்தின் அடிப்பரப்பில் மாரடைப்பு வந்தால் வலி நெஞ்சுக்குழியில் தெரியலாம், கூடவே குமட்டலும். "கேஸ்தான், ஒரு சோடா குடி" என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். இந்த வகை மாரடைப்பு ஈ.சி.ஜி.யில் முக்கியமாகத் தெரிவதும் மார்பில் ஒட்டிய ஆறில் அல்ல, கை கால்களில் மாட்டியவற்றில்தான்.

ஆகவே வலி இதயத்துக்கு நேராக இல்லையே என்று சமாதானம் ஆகிவிடாதீர்கள். நெஞ்சுக்குழியில் அழுத்தம், கூடவே வியர்வை, மூச்சுத் திணறல், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. சர்க்கரை நோயாளிகளுக்கும் வயதானவர்களுக்கும் வலியே இல்லாமலும் வரலாம். கேஸா இல்லையா என்று அங்கே போய்த் தெரிந்துகொள்ளலாம்.