கழுத்து முறிவும் ஊர் வேற்றுமையும்

பட்டுத் தறியில் அறுந்த இழையைத் தேடிப் பிடித்து முடிச்சிடுவது காஞ்சிபுரத்து நெசவாளருக்குக் கைவந்த கலை. மனிதனின் கழுத்துக்குள் ஓடும் தண்டுவடம் அறுபட்டால், அதனை மீண்டும் இணைக்க இன்றைய மருத்துவமும் வழி காணவில்லை. ஆகவே வருமுன் காப்பதே நம் கடமையாகிறது.

நம் கழுத்தில் ஏழு முள்ளெலும்புகள் அடுக்கப்பட்டுள்ளன. அவற்றின் நடுவே சுண்டுவிரல் பருமனுள்ள தண்டுவடம் இறங்குகிறது. எலும்பு மட்டும் முறிந்தால் தக்க சிகிச்சையால் பெரும்பாலும் கூடிவிடும். தண்டுவடமும் நசுங்கினால் கைகால்கள் செயலற்றுப் போகலாம்; மேற்பகுதியில் நசுங்கினால் மூச்சே நின்றுவிடலாம்.

இம்முறிவு உலகெங்கும் உண்டு. ஆயினும் யாருக்கு, எதனால் நேர்கிறது என்பது நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. முதியோர் மிகுந்த மேனாடுகளிலும் ஜப்பானிலும் வீட்டுக்குள் இடறி விழுந்து கழுத்து முறிவோர் பெருகி வருகின்றனர். எலும்பு தளர்ந்த வயதில் சிறு வீழ்ச்சியே போதும்; இரண்டாம் முள்ளெலும்பு முறிந்துவிடும். நம் நாட்டிலோ சாலை விபத்தும் உயரத்திலிருந்து விழுவதுமே தலையாய காரணங்கள். படுக்கையில் வீழ்பவர் பெரும்பாலும் குடும்பத்தைத் தாங்கும் இளவயது ஆடவர்.

ஒரே மாவட்டத்திற்குள்ளும் இவ்வேற்றுமை உண்டு. காஞ்சிபுரத்தை ஒட்டிச் செல்லும் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையிலும், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைப் பகுதிகளிலும் இரு சக்கர வாகனமே அபாயத்துக்கு இடமாகிறது. 2022-ஆம் ஆண்டில் தமிழகத்தில் 64,105 சாலை விபத்துகள் நிகழ்ந்தன. எந்த மாநிலத்திலும் இத்தனை இல்லை. உட்கிராமங்களிலோ பனையும் தென்னையும், கைப்பிடிச் சுவரற்ற கிணறும் மாடியும், ஆழம் அறியாமல் தலைகீழாய்ப் பாயும் குளமும் கழுத்தை முறிக்கின்றன. பின்னிருக்கையில் அமரும் பெண்களின் முந்தானையோ துப்பட்டாவோ சக்கரத்தில் சிக்கிக் கழுத்தைச் சொடுக்குவது, நம் நாட்டு மருத்துவர்கள் தனியே குறித்து எழுதியுள்ள விபத்தாகும்.

காரணம் எதுவாயினும், விழுந்தவரைத் தூக்கும் முறையில் நாம் விழிப்பாயிருத்தல் வேண்டும். கையையும் காலையும் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் உட்கார வைப்பது, முறிந்த எலும்பைத் தண்டுவடத்தில் பாய்ச்சுவதற்கு ஒப்பாகும். தீ, வெள்ளம் போன்ற உடனடி ஆபத்து இல்லையெனில் அவரை அசைக்கலாகாது. தலையையும் கழுத்தையும் உடலோடு ஒரே நேர்கோட்டில் அசையாமல் பிடித்துக்கொண்டு, 108-ஐ அழைக்க வேண்டும். மூச்சுக்குத் தடையில்லாதவரை தலைக்கவசத்தைக் கழற்ற வேண்டாம்; குடிக்க நீரும் கொடுக்க வேண்டாம்.

'போலீஸ், கோர்ட்டு என்று அலைய நேருமே' என்று அஞ்சி விலகிச் செல்வோர் உண்டு. எரிகோ சாலையில் அடிபட்டுக் கிடந்தவனை விலகிச் சென்றோரின் கதை நமக்குத் தெரியாததன்று. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், நல்லெண்ணத்துடன் உதவுபவரை அந்தச் சமாரியனின் பெயராலேயே அழைத்துக் காக்கிறது. 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம், சாலை விபத்தில் காயமுற்றோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை ஏற்றுக்கொள்கிறது.

கழுத்து முறிந்தால் வாழ்வே முடிந்தது என்றும் எண்ணலாகாது. 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்த மாணவர் திரு. எஸ். ராமகிருஷ்ணன், 1981-இல் தென்காசிக்கு அருகிலுள்ள ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்காக அமர் சேவா சங்கத்தை நிறுவினார். 2020-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

இப்போது நம் வீடுகளிலும் முதியோர் பெருகி வருகின்றனர். மேனாட்டுக் காரணமும் நம் வாசலுக்கு வந்துவிட்டது. ஆகையால் இளைஞர் தலையில் கவசமும், பாட்டியின் குளியலறையில் ஒரு கைப்பிடியும், இரவில் ஒரு சிறு விளக்கும் இருக்கின்றனவா என்று இன்றே பார்ப்போமாக.