கடல் கடந்தவரும் கடதாசிச் சட்டமும்

ஒருவன் எந்நாட்டவன் என்பதை அவனது உழைப்புச் சொல்ல வேண்டுமா, கையிலுள்ள கடதாசி சொல்ல வேண்டுமா? குடிவரவுச் சட்டங்கள் யாவும் இவ்வினாவுக்கே விடை கூறுகின்றன. அவ்விடை குடும்பங்களை எவ்வாறு கூறுபோடும் என்பதற்கு நமது மலைநாட்டு வரலாறே தக்க சான்றாகும்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் பரம்பரை உரிமையைத் தந்தைவழியிலேயே கணக்கிட்டது. இங்கே பிறந்தவனாயினும், தகப்பன் இங்கே பிறந்தவன் என்றோ, பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்றோ அவன் நிறுவ வேண்டியிருந்தது. லயக் காம்பராவிற் பிறந்த பாட்டனுக்குப் பிறப்புப் பத்திரத்தை எங்கே தேடுவது?

1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரசாவுரிமைச் சட்டம் பதிவு மூலம் வேறொரு வழியைத் திறந்தது. ஆயின் அவ்வழியும் ஒடுக்கமானதே. 1946 ஜனவரி 1ஆம் திகதிக்கு முன், மணமானவர் 7 ஆண்டும் ஏனையோர் 10 ஆண்டும் இடையறாது இங்கு வதிந்திருக்க வேண்டும். அதன்பின் விண்ணப்பிக்கும் நாள்வரையும் அவ்வதிவு தொடர வேண்டும். 12 மாதத்துக்கு மேற்பட்ட பிரிவு அத்தொடர்ச்சியை அறுத்துவிடும். சட்டம் முதலில் இயற்றப்பட்டவாறு, மனைவி மணமாகி ஓராண்டு நிறைவதற்குள்ளும், பிள்ளை பிறந்து ஓராண்டு நிறைவதற்குள்ளும் இங்கு வதியத் தொடங்கியிருத்தலும் அவசியமாயிற்று.

தலைப்பிள்ளையைத் தாய்வீட்டிற் பெறுவது நம்மவர் மரபு. அவ்வாறு ஊர் சென்றவள், குழந்தை சற்றே வளரட்டுமென்று ஓராண்டு கடந்து தங்கினால், தோட்டத்தில் உழைத்துக்கொண்டிருந்த கணவனின் விண்ணப்பமே தோற்றுவிடும். ஏறக்குறைய 8 இலட்சத்து 25 ஆயிரம் பேருக்காக விண்ணப்பங்கள் கொடுக்கப்பட்டன. உரிமை பெற்றோர் சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே.

எஞ்சியோரை 1964 ஒக்டோபர் 30இல் செய்யப்பட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் எண்ணிக்கையாற் பிரித்தது: இந்தியாவுக்கு 5 இலட்சத்து 25 ஆயிரம், இலங்கைக்கு 3 இலட்சம். மிகுதி 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டன. எண்ணைப் பிரித்தல் எளிது. ஆனால், மணமான மகள் கணவனோடு தலைமன்னாரிற் கப்பலேற, பெற்றோர் தோட்டத்திலேயே நின்ற குடும்பங்களை எக்கணக்கில் எழுதுவது? 1984இல் அக்கப்பலும் நின்றுபோயிற்று.

இறுதியில், 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், ஒப்பந்த நாள் முதல் இங்கு நிலையாக வதிந்த இந்திய வம்சாவளியினரையும் அவர்தம் வழித்தோன்றல்களையும் பிரசைகளாக ஏற்றது. இந்தியக் கடவுச்சீட்டுப் பெற்றும் செல்லாதிருந்தோர்க்கு ஓர் உறுதிக்கூற்றே போதுமாயிற்று. இத்துணை எளிதாய் முடியக்கூடிய காரியத்துக்கு 55 ஆண்டுகள் சென்றன!

இன்று நம்மவர் பலர் அந்நிய நாடுகளின் குடிவரவு அலுவலகங்களில், குடும்பத்தோடு ஒன்றுசேரப் பத்திரங்களுடன் காத்து நிற்கின்றனர். அவர்க்கென இரங்கும் நாம், நம் நாட்டிலேயே காத்து நின்றவரை மறத்தல் தகுமோ? முதியோரின் பெட்டிகளிற் கிடக்கும் பழைய விண்ணப்பங்களையும் நிராகரிப்புக் கடிதங்களையும் மலைநாட்டு ஆசிரியர்கள் மாணவரைக் கொண்டு சேகரித்து வைப்பாராக. கேட்டபோது கிடைக்காத கடதாசியால் வாழ்விழந்தோரின் வரலாறும் கடதாசியின்றி அழிந்துபோகலாகாது.