சிறு முதலீட்டில் திரைப்படம் : கருவித் தேர்வு குறித்துச் சில எண்ணங்கள்

திரைப்படக் கலைக்கும் சேலத்திற்கும் உள்ள தொடர்பு பழமையானது. டி.ஆர். சுந்தரம் இங்கு நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ், 1938-இல் மலையாளத்தின் முதல் பேசும்படமான ‘பாலன்’ என்னும் படத்தையும், 1956-இல் தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ என்னும் படத்தையும் உருவாக்கியது. அந்நாளில் படமெடுக்கப் பெருநிறுவனம் ஒன்று வேண்டியிருந்தது. 1000 அடிச் சுருளொன்று ஏறத்தாழ 11 நிமிடமே ஓடும். ஒரு காட்சியை மீண்டும் எடுப்பதென்றால் முதலாளியின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அந்நிலை இன்றில்லை. 2008-இல் வெளிவந்த கேனன் 5டி மார்க் 2 என்னும் நிழற்படக் கருவி, பெரிய உணரியைக் கொண்டு முழு உயர்தெளிவு அசைபடத்தையும் பதிவு செய்தது. 2015-இல் அமெரிக்க இயக்குநர் ஷான் பேக்கரின் ‘டேஞ்சரின்’ ஐபோன் 5எஸ் கைப்பேசியால் எடுக்கப்பெற்றுத் திரையரங்குகளுக்கு வந்தது. ஆயினும், அப்படக் குழுவினர் ஒலியைக் கைப்பேசியில் பதிவு செய்யாமல் தனிக்கருவிகளிலேயே பதிவு செய்தனர் என்பதைப் பலரும் கூற மறந்துவிடுகின்றனர்.

குறும்படம் எடுக்க விழையும் மாணவர்கள் நம்மிடம் முதலில் வினவுவது, எந்தக் கேமரா வாங்கலாம் என்பதே. தந்தையார் தறியில் நெய்து சேர்த்த பணமோ, தவணைக் கடனோ அதற்குச் செலவாகப் போகிறது. ஆகவே, எங்கே எதனைப் படமாக்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்க என்றே நாம் கூறுவோம்.

பள்ளிபாளையத்து விசைத்தறிக் கூடம் ஒன்றை எண்ணிப் பார்ப்போம். நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று உடையது. அதனால் குழல்விளக்கு நொடிக்கு 100 முறை மினுக்குகிறது. கண்ணுக்கு அது புலப்படாது. ஆனால் கருவியின் திறப்பு நேரத்தை 1/60 நொடி என வைத்தால் படத்தில் பட்டை பட்டையாக நிழலோடும். 1/50 என வைத்தால் அக்குறை நீங்கும். இதனைக் கையால் மாற்றியமைக்க இடந்தராத கருவி, விலை எவ்வளவு குறைவாயினும் நமக்கு ஆகாது.

அதே அமைப்புடன் ஆத்தூர்ப் பக்கத்துச் சேகோ ஆலைக் களத்திற்குச் செல்வோமாயின் வேறு இடர் எழும். நண்பகல் வெயிலில் காயும் ஜவ்வரிசி மாவின் வெண்மை, படத்தில் வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். அவ்வாறு இழந்த நுணுக்கத்தைப் பின்னர்க் கணினியாலும் மீட்க இயலாது. வில்லையின் முன்னே பொருத்தும், ஒளி குறைக்கும் கருங்கண்ணாடி ஒன்று இதற்குப் போதும். புதிய கருவி வேண்டுவதில்லை. செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையிலோ, பற்றவைக்கும் விரல்களை அண்மையில் காட்டவல்ல வில்லையே இன்றியமையாதது.

கருவியின் உடல் சில ஆண்டுகளில் பழமையாகிவிடும். நல்ல வில்லையோ அடுத்தடுத்த கருவிகளுக்கும் உழைக்கும். எனவே கையிலுள்ள பணத்தில் ஒலிவாங்கிக்கும் வில்லைக்கும் உறுதியான முக்காலிக்கும் முதலிடம் தருதல் வேண்டும். மங்கலான படத்தைப் பார்வையாளர் பொறுத்துக்கொள்வர். கேட்காத உரையாடலைப் பொறார். தறி ஓடுகையில் எந்த ஒலிவாங்கியும் பேச்சைத் தெளிவாகத் தராது. தறியோசையைத் தனியே பதிந்துகொண்டு, உணவு வேளையில் தறி நின்றபின் பேச்சைப் பதிவு செய்வதே வழி. அதற்குச் சட்டையில் செருகும் சிறு ஒலிவாங்கி போதுமானது.

கேமராவை வாங்கித்தான் தீரவேண்டும் என்பதுமில்லை. நம் ஊர்களில் திருமணப் படமெடுப்போர் பலரிடம் நல்ல கருவிகள் உள்ளன. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தமின்மையால் அவர்களுக்கு வேலை குறைவு. அம்மாதங்களில் வாடகையைக் குறைத்துக் கேட்டுப் பார்க்கலாம். ஐந்து நாள் வாடகையில் முடியும் படத்திற்கு ஈராண்டுத் தவணை எதற்கு? கருவியோடு அதனை இயக்கத் தெரிந்தவரும் உடன் வருவாராயின் இன்னும் நன்று.

பலரும் கணக்கிற் சேர்க்க மறக்கும் செலவு சேமிப்பு வட்டு. நொடிக்கு 100 மெகாபிட் வீதம் பதியும் கருவியில் ஒரு மணி நேரக் காட்சிக்கு 45 ஜிகாபைட் இடம் வேண்டும். படி இரண்டு வைத்தால் 90. அவ்விரு படிகளும் வெவ்வேறு வட்டுகளில், வெவ்வேறு வீடுகளில் இருத்தல் நலம்.