பக்கெட்டில் செத்த நண்டு: குழந்தைகளுக்குக் கடல் கேம்ப் நடத்தப் போகிறீர்களா?

சென்னை பெசன்ட் நகர்க் கடற்கரை. மே மாதம், காலை எட்டரை மணி. குழந்தைகளுக்கான கோடை முகாம் ஒன்றை வழிநடத்தும் வேலையில் எனக்கு அது முதல் நாள். அலை வந்து திரும்பும் ஈர மணலில், கட்டை விரல் அளவே இருக்கும் சாம்பல் நிற நண்டுகள் பின்பக்கமாகப் புதைவதைப் பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒரே கூச்சல். எல்லோரும் நன்றாகப் பார்க்கட்டும் என்று ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டில் கடல் நீரை மொண்டு, ஏழெட்டு நண்டுகளை அதில் போடச் சொன்னேன். சொன்னது நான்தான். அப்புறம் சிப்பி, பந்து, மணல் வீடு என்று கவனம் வேறு பக்கம் போய்விட்டது. முக்கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் பாதி நண்டுகள் அசையாமல் கிடக்கின்றன. எட்டு வயதுப் பெண் ஒருத்தி பக்கெட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அண்ணா, நம்மதான கொன்னோம்?"

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அன்றைக்காகத் தயார் செய்திருந்த பெருங்கடல் ஸ்லைடுகளை மூடி வைத்துவிட்டு, ஏன் செத்தது என்பதைத்தான் மதியம் பேசினோம். தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். கடலில் அலை ஓயாமல் காற்றைக் கலந்து கொடுக்கிறது. பக்கெட்டில் அந்த வேலையை யார் செய்வார்? அந்த நண்டு சாப்பிடுவதே, திரும்பி ஓடும் அலையில் இறகு மாதிரியான உணர்கொம்பை விரித்து நுண்ணுயிர்களை வடிகட்டித்தான். மணலும் இல்லை, அலையும் இல்லை என்றால் அதற்கு வீடும் இல்லை, சோறும் இல்லை.

ஏப்ரல் பிறந்தால் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுக்களில் 'ஓஷன் கேம்ப்' போஸ்டர்கள் வர ஆரம்பித்துவிடுகின்றன. நடத்துபவர்களில் பலர் என்னைப் போல வேறு வேலையில் இருந்துகொண்டு, கடல் பிடிக்கும் என்பதற்காக இறங்கியவர்கள். "வாரம் அஞ்சு நாள், காலையில மட்டும், வந்து பிள்ளைங்கள பாத்துக்கோயேன்" என்று ஒரு நண்பர் உங்களையும் கூப்பிடலாம். ஒத்துக்கொள்ளும் முன் சில விஷயங்கள்.

கடலில் இறங்கலாமா?

கூடாது. கணுக்கால் நனையலாம், அவ்வளவுதான். இதில் பிள்ளைகளோடும் பேரம் கிடையாது, "எங்க பையன் ஸ்விம்மிங் கிளாஸ் போறான்" என்று சொல்லும் பெற்றோரோடும் பேரம் கிடையாது. நீச்சல் குளத்துத் தண்ணீர் யாரையும் இழுக்காது. நம் கரையில் பல இடங்களில் இரண்டு எட்டு வைத்தாலே சட்டென்று பள்ளம். அலை திரும்பும்போது காலடி மணலையும் அரித்துக்கொண்டு போகும். கரைக்கு வந்த தண்ணீர் ஒரு குறுகிய வாய்க்கால் போல மொத்தமாகக் கடலுக்குத் திரும்பும் இடங்களும் உண்டு. மேலே இருந்து பார்த்தால் அந்த இடத்தில்தான் அலை உடையாமல் சாதுவாகத் தெரியும். விவரம் தெரியாதவர் 'இங்கே அலை கம்மி' என்று அங்கேயே இறங்குவார்.

கோடையில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. தெற்கே, இந்தியப் பெருங்கடலின் கோடியில் வீசும் புயல்காற்று எழுப்பும் நீண்ட அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து நம் பக்கம் வருகின்றன. இங்கே காற்று இருக்காது, வானம் தெளிவாக இருக்கும், கடல் மட்டும் திடீரென்று ஏறும். திருட்டுத்தனமாக வருவதால் 'கள்ளக்கடல்' என்று பெயர். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேர் அலையில் சிக்கி இறந்தார்கள். எச்சரிக்கை முன்பே வந்திருந்தது. ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற இந்தியக் கடல்சார் தகவல் மையம் கடல் நிலையையும் உயர் அலை எச்சரிக்கைகளையும் தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. முந்தின நாள் இரவும், கிளம்பும் முன் காலையிலும் அதைப் பார்ப்பது கேம்ப் நடத்துபவரின் வேலை. எச்சரிக்கை இருந்தால் அன்றைக்குக் கடற்கரை கிடையாது. பெற்றோர் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

ஆட்கணக்கு விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் கறார்: 5 பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர். அதுபோக எதையும் சொல்லித்தராமல், போட்டோ எடுக்காமல், கடலைப் பார்த்து நின்று தலைகளை எண்ணுவதற்கென்றே ஒருவர். இரண்டாம் நாள் எங்களுக்கு 19 பேர் இருக்க வேண்டிய இடத்தில் 18 பேர் இருந்தார்கள். ஒரு பையன் நண்டு வளை ஒன்றைத் தேடிக்கொண்டு படகுகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்திருந்தான். கண்டுபிடிக்க ஆனது மூன்று நிமிஷம்தான். அந்த மூன்று நிமிஷம் நான் மணலைப் பார்க்கவே இல்லை, தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எண்ணுவதற்கென்றே ஓர் ஆளை நிறுத்தியது அதற்கு மறுநாளிலிருந்து.

எந்த நேரம் போவது?

கத்திரி வெயில் காலத்தில் ஒன்பது மணிக்கு மேல் மணலில் வெறுங்காலோடு நிற்க முடியாது. ஆறு மணிக்குக் கரை, எட்டரைக்குள் நிழல். சென்னையில் பகலுக்கு மேல்தான் பல நாட்களில் கடல்காற்று உள்ளே வரும். அதுவரை புழுக்கம் ஆளை அடித்துவிடும்.

வற்றம் பார்த்துப் போனால் பார்க்க நிறையக் கிடைக்கும். சென்னைக் கரையில் ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். நேரம் தினமும் ஏறத்தாழ 50 நிமிஷம் தள்ளிப்போகும். அமாவாசை, பவுர்ணமியை ஒட்டி ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் அதிகம். திங்கள்கிழமை ஆறு மணிக்கு வற்றம் என்றால் வெள்ளிக்கிழமை அது ஒன்பதைத் தாண்டிவிடும். அதனால் ஐந்து நாளுக்கும் ஒரே டைம்டேபிள் போட்டு லேமினேட் செய்து வைக்காதீர்கள். நான் வைத்தேன்.

கரையில் என்னதான் செய்வது?

நிறைய. பெரிய சாமான் எதுவும் வேண்டாம். காய்ந்த தேங்காய் மட்டை ஒன்றைக் கொஞ்சம் தள்ளித் தண்ணீரில் எறியுங்கள். அது போகும் திசையில் பிள்ளைகள் கரையோடு கூடவே நடக்கட்டும். ஒரு நிமிஷத்தில் எத்தனை அடி போனது என்று எண்ணட்டும். கடல் கரையை நோக்கி மட்டும் வருவதில்லை, கரையோரமாக ஓடவும் செய்கிறது என்பது அந்த நடையில் புரிந்துவிடும். அப்படியே பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருக்கும் மீனவர் ஒருவரிடம் கேட்டால், அன்றைக்கு ஓடுவது வன்னியா தெண்டியா என்று சொல்வார். கரையோரமாக ஓடும் நீரோட்டங்களுக்குச் சென்னை மீனவர்கள் வைத்திருக்கும் பெயர்கள் அவை.

அடுத்து நான்கைந்து செங்கல். அலை தொட்டுத் திரும்பும் இடத்தில் கடலை நோக்கி ஒரு வரிசையாக நட்டுவையுங்கள். கால் மணி நேரத்தில் ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கம் பள்ளம் விழும். இதுதான் சென்னையின் கதையும். 1876-ல் துறைமுகத்துக்கான கட்டுமானம் தொடங்கியது. வடக்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்த மணலை அந்தச் சுவர்கள் மறித்தன. தெற்குப் பக்கம் மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் ஊருக்குள் வந்தது. அங்கே கரை நெடுகப் பாறாங்கல் கொட்டியிருப்பது எதற்கு என்று செங்கல்லைப் பார்த்த பிள்ளைக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. "அப்போ அந்தப் பக்கம் வீடு இருந்தவங்க எங்க போனாங்க?" என்று ஒரு பத்து வயதுப் பையன் கேட்டான். எந்தப் புத்தகத்தையும்விட அந்தக் கேள்வி எனக்குப் பெரிதாகப்பட்டது.

காசிமேட்டுக்கு ஒரு நாள் அழைத்துப் போவதாக இருந்தால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் இனப்பெருக்கம் செய்ய விடப்படும் அவகாசம் அது. 'மீன் இறக்குறதப் பாக்கலாம்' என்று போஸ்டரில் போட்டால் ஏமாற்றம்தான். ஆனால் பெரிய படகுகள் கரையேறி நிற்கும் இந்தக் காலத்தில்தான் பழுது பார்ப்பது, பெயின்ட் அடிப்பது, வலை சரிசெய்வது எல்லாம் நடக்கும். ஒரு படகின் அடிவயிற்றைக் குழந்தைகள் வேறு எப்போது பார்ப்பார்கள்?

எடுத்துப் போகலாமா?

பக்கெட்டுக்குப் பதிலாக நாங்கள் வைத்த விதி 'பத்து எண்ணிக்கை'. நனைந்த உள்ளங்கையில் ஈர மணலோடு வைத்துப் பார்க்கலாம்; எல்லோரும் சேர்ந்து பத்து எண்ணி முடித்ததும் எடுத்த இடத்திலேயே விட வேண்டும். பக்கெட்டைப் பார்த்துக் கேள்வி கேட்ட அந்தப் பெண் ஏழிலேயே விட்டுவிடுவாள்.

வெறும் சிப்பி ஓடுதானே என்று நினைப்போம். ஓட்டுக்குள் துறவி நண்டு குடியிருக்கலாம். அதற்குச் சொந்த ஓடு கிடையாது, காலியான சங்குதான் வீடு. பவளத் துண்டு, கடல் குதிரை, கடல் அட்டை இவையெல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலி இருக்கும் அதே முதல் அட்டவணையில் இருக்கின்றன. காய்ந்து கிடந்தாலும் பையில் போட்டுக்கொள்ளக் கூடாது. படம் வரையச் சொல்லுங்கள்.

ஆமைக்குஞ்சு விடும் நிகழ்ச்சிக்கு 'கேரண்டி' கொடுக்கும் விளம்பரங்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். பங்குனி ஆமைகள் சென்னைக் கரையில் முட்டையிடுவது ஜனவரியிலிருந்து. பொரிக்க 45 நாளுக்கு மேல் ஆகும். மே மாதம் என்பது அநேகமாக சீசனின் வால். குஞ்சு எந்த நாளில் வெளியே வரும் என்று யாரும் தேதி குறிக்க முடியாது. பொரிப்பகங்கள் வனத்துறையின் பொறுப்பில் இருப்பவை. அனுமதி கிடைத்தால் தள்ளி நின்று பார்க்கலாம், கையில் எடுப்பதோ பிளாஷ் அடிப்பதோ கூடாது. வெளிச்சமான பக்கம்தான் கடல் என்று நம்பிப் போகும் ஜீவன் அது. தெருவிளக்கைப் பார்த்தே வழி தவறிவிடும். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. பிள்ளைகள் அதைப் பற்றிக் கேட்டால் மழுப்ப வேண்டாம். இழுவலையில் சிக்கினால், மூச்சுவிட மேலே வர முடியாமல் ஆமை மூழ்கிச் சாகும் என்று சொல்லலாம். நண்டு விஷயத்துக்கு அப்புறம் எனக்கு அதில் தயக்கம் இல்லை.

நிழலுக்கு வந்த பிறகு?

மார்க்கெட்டில் வாங்கிய கணவாய் ஒன்று போதும், ஒரு மணி நேரம் ஓடும். மூன்று இதயம், மை பை, கண். லவ் பேர்ட்ஸ் கூண்டில் தொங்கவிடும் 'கடல் நுரை' ஒரு வகைக் கணவாயின் உள் ஓடு என்று தெரிந்ததும் ஒரு பையன் வீட்டுக்கு ஓடிப்போய் எடுத்து வந்துவிட்டான். மீன் மேல் பெயின்ட் தடவி காகிதத்தில் அச்செடுப்பது இன்னொன்று. ஜப்பான் மீனவர்கள் பிடித்த மீனைப் பதிவு செய்த முறை. சைவக் குடும்பங்களிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். எங்களிடம் இரண்டு வீட்டில் வேண்டாம் என்றார்கள். அந்தப் பிள்ளைகள் சிப்பியில் அச்செடுத்தார்கள்.

முதலுதவிப் பெட்டி, தொப்பி, வீட்டிலிருந்து தண்ணீர் பாட்டில், ஒவ்வொரு பிள்ளைக்கும் இருக்கும் ஒவ்வாமையை எழுதி வாங்கிய தாள், இதெல்லாம் சொல்லாமலே தெரியும். சொறிமீன் பட்டால் தேய்க்காமல் கடல் நீரால் கழுவ வேண்டும், நல்ல தண்ணீர் ஊற்றினால் எரிச்சல் கூடும் என்பது பலருக்குத் தெரியாது. மூச்சுத்திணறல், மயக்கம், பெரிய அளவில் வீக்கம் என்றால் உடனே 108. கடலில் ஆபத்து என்றால் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093. பெற்றோர் எழுதிக்கொடுக்காமல் எந்தக் குழந்தையின் முகத்தையும் இன்ஸ்டாவில் போடாதீர்கள்.

ஒன்று மிச்சம் இருக்கிறது. மூன்றாம் நாள், எங்கள் கயிற்று எல்லைக்கு வெளியே குப்பத்துப் பையன்கள் இரண்டு பேர் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். நண்டு எங்கே புதைந்தது என்று எங்கள் பிள்ளைகள் தேடியபோது, வெளியே இருந்தபடியே "அங்க இல்லண்ணா, அலை திரும்புற எடத்துல பாருங்க" என்றான் பெரியவன். அவர்கள் கரையில், அவர்களுக்குத் தெரிந்ததை, அவர்களால் கட்ட முடியாத கட்டணத்துக்கு நாங்கள் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தோம். மறுநாள் அவர்களுடைய வீடுகளில் பேசி இரண்டு பேரையும் உள்ளே சேர்த்துக்கொண்டோம். பெரியவனின் தாத்தாவுக்கு ஒரு நாள் வகுப்பு எடுக்க வழக்கமான பயிற்றுநர் சம்பளமே கொடுத்தோம். அவர் வாடைக்கும் கச்சானுக்கும் வித்தியாசத்தைக் காட்டப் பிள்ளைகளைக் கண்ணை மூடி நிற்கச் சொன்னார். காற்று எந்தக் கன்னத்தில் படுகிறது என்று கையைத் தூக்க வேண்டும். 21 கைகள் தூக்கின. ஆளுக்கொரு பக்கம். தாத்தா சிரித்துவிட்டு, "சரி, மறுபடியும் மூடுங்க" என்றார்.